இரண்டு விரல் அளவு: சன்ஸ்கிரீன் கேள்வி - பதில்

சன்ஸ்கிரீன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எஸ்.பி.எஃப். 50 போட்ட சன்ஸ்கிரீனைத்தான் தினமும் காலையில் பூசுகிறேன். சிக்கனமாகப் பூசுவதால் 50 கிராம் ட்யூப் ஐந்து மாதம் வருகிறது. ஆனாலும் முகம் கருத்துக்கொண்டேதான் போகிறது. நான் வாங்குவது போலிச் சரக்கா?

சரக்கைச் சந்தேகிக்கும் முன் அந்த ஐந்து மாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்வது எஸ்.பி.எஃப். ட்யூபில் அச்சிட்டிருக்கும் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் சருமத்துக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் அளந்தது. அந்த அளவில் பூசினால், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு ஒன்றரை கிராமாவது வேண்டும். தினம் ஒரு முறை பூசினாலே 50 கிராம் ட்யூப் ஒரு மாதத்தில் காலியாகிவிடும். உங்கள் முகத்துக்குப் போவது அதில் கால் பங்குகூட இல்லை. அந்த அளவுக்கு 50 என்ற எண் பொருந்தாது. உங்களுக்குக் கிடைப்பது ஒற்றை இலக்கமாகக்கூட இருக்கலாம்.

அளப்பதற்குச் சுலபமான வழி விரல்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடிக்கோட்டிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஒரு தடவைக்கான அளவு. ட்யூபின் வாய் ஊசிமுனையாக இருந்தால் கோடு மெலிதாக வரும். அப்போது மூன்று கோடு தேவைப்படும். தண்ணீர் மாதிரி ஓடும் திரவ வகைகளில் விரல் கணக்கு செல்லாது. அவற்றை ஒரே ஒரு முறை டீஸ்பூனில் அளந்து பாருங்கள்: முகத்துக்குக் கால் டீஸ்பூன், கழுத்து, காது, பிடரியும் சேர்ந்தால் அரை டீஸ்பூனுக்குப் பக்கம். உடம்பு முழுக்க என்றால் வளர்ந்த ஒருவருக்கு 30 மில்லி வரை ஆகும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் தேய்த்தால் வழுக்கும். பாதியைப் பூசி, ஓரிரு நிமிடம் விட்டு மீதியைப் பூசுங்கள். இரண்டாம் சுற்றில்தான் முதல் சுற்றில் விட்டுப்போன இடங்கள் மூடும். காது மடல், மூக்கோரம், முன்நெற்றியில் முடி தொடங்கும் இடம், பிடரி, புறங்கை எல்லாம் வழக்கமாக விட்டுப்போகிறவை.

எஸ்.பி.எஃப். 30 போதுமா, 50 வேண்டுமா? பக்கத்தில் பி.ஏ. போட்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவே, அவை எதற்கு?

எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாக யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் பற்றியது, சருமம் சிவந்து எரியக் காரணமான கதிர் அது. சரியான அளவில் பூசினால் 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உள்ளே நுழைவதைக் கணக்கிட்டால் 30-இல் நூற்றுக்கு 3.3, 50-இல் 2. அதாவது 30 பூசியவருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் இறங்குகிறது. யாருமே முழு அளவு பூசுவதில்லை என்பதால் 50 வாங்குவதையே நாங்கள் சொல்வோம். 50-க்கு மேல் போவதில் பெரிய லாபம் கிடையாது.

பி.ஏ. என்பது யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கானது. ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் கொண்டுவருவது இது. 1996-இல் ஜப்பானில் வந்த குறியீடு. நான்கு கூட்டல் குறிதான் உச்சம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் ஒரு வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று போட்டிருக்கும், யு.வி.ஏ. பாதுகாப்பு, எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அமெரிக்கத் தயாரிப்பில், இரண்டு கதிரையும் தடுக்கும் என்று பொருள்படும் பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லைத் தேடுங்கள். இவற்றில் எதுவுமே இல்லாத எஸ்.பி.எஃப். 50-ஐ விட, நான்கு கூட்டல் குறி போட்ட 30 மேல்.

என் முகத்தில் எண்ணெய் வழியும், பருவும் உண்டு. எந்த சன்ஸ்கிரீன் போட்டாலும் ஒரு வாரத்தில் புதுப் பரு கிளம்புகிறது. சன்ஸ்கிரீனே வேண்டாமென்று விட்டுவிடலாமா?

விட்டால் பருவின் தழும்பு வெயிலில் இன்னும் கருத்து, மாதக்கணக்கில் தங்கும். பரு மருந்துகளில் பலவும் சருமம் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைப்பவை. அதனால் உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

முதலில் சருமம் உண்மையிலேயே எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். முகம் முழுக்கப் பளபளத்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் என்றால் கலவை. இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். பளபளப்பும் இழுப்பும் சேர்ந்தே இருக்கிறதா? அப்படியானால் கடுமையான ஃபேஸ்வாஷால் சருமம் காய்ந்துபோய், எண்ணெயும் சுரக்கிறது. அதை மாற்றாமல் சன்ஸ்கிரீனை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் அல்லது ஃப்ளூயிட் வகை எடுங்கள். மூலப்பொருள் பட்டியலில் தண்ணீர், ஆல்கஹால், சிலிக்கான் வகைகள், சிலிக்கா ஆகியவை முன்வரிசையில் இருந்தால் பூசியதும் காய்ந்து, பளபளப்பில்லாமல் மேட் ஆகும். ஷியா பட்டர், தாவர எண்ணெய்கள், மெழுகு ஆகியவை முன்னால் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நான்-காமிடோஜெனிக் (சருமத் துளையை அடைக்காதது) என்ற சொல் ஒரு குறிப்பு மட்டுமே. எல்லாரும் ஒரே மாதிரிச் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

சன்ஸ்கிரீனுக்கு அடியில் மாய்ஸ்சரைசர், சீரம் என்று மூன்று அடுக்கு போடுகிறீர்களா என்றும் பாருங்கள். எண்ணெய்ச் சருமத்துக்குப் பல நாள் சன்ஸ்கிரீன் மட்டுமே போதும். இரவில் ஒழுங்காக நீக்காமல் படுப்பது இன்னொரு காரணம். வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை, அதாவது தண்ணீரைத் தாங்கும் வகை, வெறும் ஃபேஸ்வாஷுக்கு முழுதாகப் போகாது. முதலில் கிளென்சிங் ஆயில் அல்லது கிளென்சிங் பாம் (களிம்பு) தேய்த்துக் கரைத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகும் பரு வந்தால் வேறு ஃபார்முலாவுக்கு மாறுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருளைத் தொடங்கினால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது.

எனக்கு நேர் எதிர். ஜெல் வகை பூசினால் மதியத்துக்குள் வாயோரம் செதில் செதிலாக உரிகிறது. மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசலாமா?

குழைக்க வேண்டாம். சன்ஸ்கிரீன் காயும்போது சருமத்தின் மேல் ஒரே சீரான படலமாகப் படிய வேண்டும். அந்தப் படலத்துக்காகத்தான் ஃபார்முலாவை அவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள். வேறு க்ரீமைக் கலந்தால் படலம் திட்டுத்திட்டாக உடையும், செறிவும் குறையும். கழுவிய முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, மேலே சன்ஸ்கிரீன் பூசுங்கள். க்ரீம் அல்லது லோஷன் வகையில் கிளிசரின், செராமைடு, ஹையலுரானிக் அமிலம் சேர்ந்தவை உங்களுக்குச் சரி. ஆல்கஹால் முன்வரிசையில் உள்ளவற்றைத் தொடாதீர்கள். ஆல்கஹால் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சீட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் ஆகியவை கொழுப்பு வகை, உலர்த்தாது.

இரு கன்னத்திலும் மங்கு. பிரசவத்துக்குப் பிறகு வந்தது. ஜிங்க் ஆக்சைடு உள்ளதைப் பூசச் சொன்னார்கள். என் மாநிறத்துக்கு அது சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. வேறு வழி உண்டா?

உண்டு. நிறம் சேர்த்தது, அதாவது டின்டட் வகை வாங்குங்கள். உங்களுக்கு அது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. மங்கைக் கருக்க வைப்பதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு; மாநிறம், கருநிறச் சருமங்களில் இது கூடுதல். நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள், எண் எவ்வளவு இருந்தாலும், அந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. டின்டட் வகைகளில் நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடு அதைத் தடுக்கிறது. பட்டியலில் அயர்ன் ஆக்சைடு என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களாகவோ இருக்கும். இவை இருந்தால் வாங்கலாம்.

கடையில் நிறம் பார்க்கும்போது புறங்கையில் பூசாதீர்கள். தாடை எலும்பின் மேல் பூசி, பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அயர்ன் ஆக்சைடு உள்ளவை காய்ந்ததும் ஒரு சாயல் கருக்கும். பூசிய உடனே பொருந்திய நிறம் பிறகு மாறி நிற்கும்.

ஜிங்க் ஆக்சைடு போன்ற, நிறமில்லாத மினரல் வகையேதான் வேண்டுமென்றால் நான்கு பகுதியாகப் பிரித்து, தேய்க்காமல் தட்டித் தட்டிப் பதியுங்கள். வெள்ளை முழுதாகப் போகாது, குறையும். வெள்ளையைக் குறைக்க அளவைக் குறைத்தால் முதல் கேள்விக்காரரின் கதிதான்.

கருத்த தோலுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்? இயற்கையே பாதுகாப்புத் தருகிறதே.

தருகிறது, அளவாக. மெலனின் என்ற நிறமி மிகுந்த சருமம் வெயிலில் எளிதில் கன்றாது, சருமப் புற்றுநோய் வாய்ப்பும் குறைவு. ஆனால் கரும்புள்ளி, மங்கு, பருத் தழும்பு கருத்துப் போவது இவையெல்லாம் அதே மெலனினின் வேலை. அந்தத் தொல்லை இல்லாதவர் நிழலையும் முழுக்கை உடையையும் நம்பி இருந்தால் பெரிய குற்றமில்லை. இருப்பவர் பூசத்தான் வேண்டும்.

வேர்த்தால் சன்ஸ்கிரீன் கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. கண்ணைச் சுற்றிப் பூசாமல் விட்டும் எரிச்சல் நிற்கவில்லை.

கண்ணோரத்தில் பூசியது எரிப்பதில்லை. நெற்றியில் பூசியதுதான் வியர்வையோடு புருவத்தைத் தாண்டி இறங்குகிறது. ஆகவே மாற்ற வேண்டியது நெற்றிக்கு உள்ளதை. நெற்றிக்கு வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டதை எடுங்கள். சில நாடுகளில் 40 அல்லது 80 நிமிடம் என்று கூடவே அச்சிட்டிருக்கும். கண்ணைச் சுற்றி ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ள ஸ்டிக் வகை நல்லது. மெழுகு அதிகம் என்பதால் அது நகராது. வெளியே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே பூசி, காய விடுங்கள். வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். மேல் இமையில் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூலிங் கிளாஸ் போதும்.

பூசிக் கொஞ்ச நேரத்தில் ரப்பர் வைத்து அழித்த தூள் மாதிரி உருண்டு உருண்டு வருகிறது.

அடியில் போட்ட சீரமோ மாய்ஸ்சரைசரோ காயவில்லை, அல்லது இரண்டும் சேரவில்லை. தண்ணீரைக் கெட்டியாக்கிச் செய்த ஜெல் சீரத்தின் மேல் சிலிக்கான் அதிகமுள்ள சன்ஸ்கிரீனைத் தேய்த்தால் இப்படித்தான் திரளும். அடியில் பூசுவதைப் பாதியாகக் குறைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு அழுத்தாமல் ஒரே திசையில் பரப்புங்கள். காய்ந்த பின் அந்த இடத்தைத் திரும்பத் தடவ வேண்டாம். அப்படியும் உருண்டால் ஒரு நாள் வெறும் முகத்தில் சன்ஸ்கிரீனை மட்டும் பூசிப் பாருங்கள். உருளவில்லையா, சீரத்தை இரவுக்குத் தள்ளிவிடுங்கள். உருண்டு வந்த இடத்தில் பாதுகாப்பும் உரிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள்.

நாள் முழுக்க வீட்டுக்குள்தான். கம்ப்யூட்டர் வெளிச்சத்துக்கும் பூச வேண்டுமா?

கம்ப்யூட்டருக்கும் ட்யூப்லைட்டுக்கும் வேண்டாம். சூரிய ஒளியோடு ஒப்பிட்டால் அவற்றிலிருந்து வருவது ஒன்றுமே இல்லை. ஜன்னல்தான் விஷயம். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைப் பெருமளவு தடுத்துவிடும், யு.வி.ஏ.யில் கணிசமான பங்கை உள்ளே விடும். காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்காக இருப்பதால் யு.வி.ஏ.யையும் நன்றாகத் தடுக்கிறது, பக்கக் கண்ணாடி அப்படி இருப்பதில்லை. நாற்காலி ஜன்னலோரம் இருந்தால் காலையில் ஒரு முறை பூசுங்கள். ஜன்னலே இல்லாத அறையில் இருப்பவர் பூச வேண்டியதில்லை.

வெளியே போவோருக்கு ஓர் எளிய சோதனை: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. கதிரின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வானம் மூட்டமாக இருப்பதை நம்ப வேண்டாம், மெல்லிய மேகத்தைக் கதிர் எளிதில் தாண்டிவிடும்.

இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி பூசு என்கிறார்கள். மேக்கப் போட்ட முகத்தில் எப்படிப் பூசுவது?

வெயிலில் இருந்தால், நீந்தினால், வியர்த்தால், துண்டால் துடைத்தால்தான் இரண்டு மணி நேரக் கணக்கு கறாரானது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் மதியம் வெளியே கிளம்பும் முன் ஒரு முறை பூசினால் போதும்.

மேக்கப்பின் மேல் என்றால் முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். ஃப்ளூயிட் வகையை ஸ்பாஞ்சில் எடுத்துத் தட்டித் தட்டிப் பதிக்கலாம். ஸ்டிக் என்றால் ஒவ்வொரு இடத்திலும் நான்கு தடவை இழுக்க வேண்டும். ஒரு தடவை இழுத்தால் போதிய அளவு ஒட்டாது. பவுடர் வகையில் தேவையான அளவை முகத்தில் ஏற்றுவது நடக்காத காரியம், அது பளபளப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ரேயை நேரே முகத்தில் அடித்தால் மூச்சில் போகும். உள்ளங்கையில் அடித்து எடுத்துப் பூசுங்கள். இன்னொன்று, எஸ்.பி.எஃப். 20 ஃபவுண்டேஷனும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் சேர்ந்து 50 ஆகாது.

சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலக்கிறதாமே? பயமாக இருக்கிறது.

கலக்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடத்தி 2019, 2020-இல் வெளியான ஆய்வுகளில், அவோபென்ஸோன், ஆக்ஸிபென்ஸோன் போன்ற, கதிரைத் தடுக்கும் வடிகட்டிகள் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. 2019 ஆய்வில் உடம்பின் முக்கால் பங்கில், நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசினார்கள். அந்த வரம்பு, அதைத் தாண்டினால் மேற்கொண்டு சோதித்துப் பார் என்று சொல்வது. விஷம் என்று சொல்வது அல்ல. அந்த ஆய்வாளர்களே சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்றுதான் எழுதினார்கள்.

இன்னொரு தட்டில் இதை வையுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கி, சுமார் 1,600 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் பூசச் சொன்ன குழுவில் ஸ்குவாமஸ் வகைச் சருமப் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. சருமம் மூப்படைவது 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் அறிவித்தார்கள். அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப். 15 அளவிலானது மட்டுமே. தினமும் விடாமல் பூசினார்கள், அதுதான் விஷயம்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் உள்ளதை எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் எளிதில் சிவக்கும் சருமத்துக்கும் நாங்கள் இவற்றையே முதலில் சொல்வோம். இவை கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்ற பேச்சு மட்டும் சரியில்லை. இவையும் பெரும்பாலும் கதிரை உறிஞ்சித்தான் தடுக்கின்றன.

ஜிங்க் ஆக்சைடு பொடி வாங்கி வீட்டிலேயே க்ரீமில் கலந்து செய்துகொள்ளலாமா?

கூடாது. பொடி கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாகத் திரளும். கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். பார்க்க வெள்ளையாக மூடியிருந்தாலும் இடையில் கதிர் இறங்கும். அளந்து பார்க்க உங்களிடம் கருவியும் இல்லை.

ஐந்து மாதக் குழந்தைக்கு எந்த பிராண்டு நல்லது?

எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை நிழலும் தொப்பியும் பருத்தித் துணியும்தான். அதற்குப் பிறகு வாசனை சேர்க்காத மினரல் வகையைத் துணி மறைக்காத இடங்களில் மட்டும் பூசுங்கள்.

வழக்கமாகப் பூசும் அதே சன்ஸ்கிரீன்தான். இந்த மாதம் திடீரென்று வெயில் பட்ட இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது.

புதிதாக மருந்து ஏதேனும் தொடங்கினீர்களா என்று யோசியுங்கள். பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை சருமத்தை வெயிலுக்குச் சுலபமாகக் கன்ற வைக்கும். வலிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல் வேறு ரகம்: அதற்கு ஒவ்வாமை வந்தவருக்கு ஆக்டோக்ரைலீன் என்ற வடிகட்டி உள்ள சன்ஸ்கிரீனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த ஜெல் தடவிய இடத்தில், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வெயில் படக்கூடாது. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். சன்ஸ்கிரீனை நிறுத்தி, துணியால் மூடிக்கொண்டு, இரண்டின் பெயரையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புதியதற்கு மாறும்போது முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், நாளுக்கு இரண்டு முறை ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

வெள்ளைச் சட்டைக் காலரில் துருப்பிடித்தாற்போல் கறை. ப்ளீச் போட்டால் இன்னும் அதிகமாகிறது.

அது துருவின் உறவுதான். அவோபென்ஸோன் தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து அந்த நிறம் தருகிறது. உப்புத் தண்ணீரில் துவைக்கும் இடங்களில் அதிகம் காணலாம். குளோரின் ப்ளீச் அதை இறுக்கிவிடும். முதலில் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் அரை மணி ஊற வைத்து அலசி, கறை போன பிறகே வெயிலில் காயப் போடுங்கள். போகவில்லை என்றால் துணிக்கான துரு நீக்கி கிடைக்கும். இனி பூசியதும் 15 நிமிடம் கழித்துச் சட்டையைப் போடுங்கள், அல்லது கழுத்துக்கு மட்டும் அவோபென்ஸோன் இல்லாததைப் பயன்படுத்துங்கள்.

போன வருடம் திறந்த ட்யூப் பாதி மிச்சம் இருக்கிறது. காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. பயன்படுத்தலாமா?

ட்யூபின் பின்புறம் திறந்த டப்பா மாதிரி ஒரு படமும் அதில் 12எம் அல்லது 6எம் என்றும் இருக்கும்; திறந்த பிறகு அத்தனை மாதம்தான். தண்ணீர் தனியாகப் பிரிந்தாலோ, மணல்போல் நெருடினாலோ, வாசனை மாறினாலோ தேதி பார்க்காமல் எறியுங்கள். வெயிலில் நின்ற வண்டியிலோ காரிலோ கிடந்ததென்றால் அதுவும் குப்பைக்குத்தான்.